மாடித் தோட்டம் போட்டா கடைக்கே போக வேண்டாமா? ஒரு குடும்பத்தின் ‘தன்னிறைவு’ கணக்கு

‘இனிமே காய்கறிக் கடைப் பக்கமே போறதில்லை!’

ஆடிப் பட்டம் நெருங்கினால் போதும், ரீல்ஸில் இந்த வசனம் வரிசைகட்டி வரும். கூடை நிறைய கத்தரிக்காய், பந்தலில் தொங்கும் புடலை, பின்னணியில் ஒரு மெலடி. பார்த்து முடித்த அரை மணி நேரத்தில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: ‘நம்ம மொட்டை மாடி சும்மாதானே கிடக்கு?’

இந்த ஆசையில் தப்பே இல்லை. 2020 மே மாதம் கரோனா பரவலால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாறியது நினைவிருக்கும். சென்னையில் பல வீடுகளில் ‘காய் எங்கே கிடைக்கும்?’ என்று தேடிய நாட்கள் அவை. கடையில் வாங்கும் கீரையில் எவ்வளவு மருந்து அடித்திருக்கிறார்கள் என்ற பயம் தனி. நம் சாப்பாட்டில் கொஞ்சமாவது நம் கையில் இருக்க வேண்டும் என்று ஒரு குடும்பம் நினைப்பது நியாயமானதுதான்.

சிக்கல் ‘தன்னிறைவு’ என்ற வார்த்தையில் இருக்கிறது. நகரத்தில் வாழும் ஒரு குடும்பம் இதை இலக்காக வைத்துக்கொண்டால், பெரும்பாலும் அடுத்த கோடைக்குள் மாடியில் காய்ந்த செடிகளும் கிழிந்த பைகளும்தான் மிஞ்சும். ‘நம்ம சமையலில் எந்தப் பங்கை நாமே பார்த்துக்க முடியும்?’ என்று கேட்டு ஆரம்பித்தால் தோட்டம் நிலைக்கும். இது என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வேண்டும்?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கான தினசரித் தட்டு இப்படி இருக்கிறது: தானியம் 250 கிராம், பருப்பு வகைகள் 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம். பால், எண்ணெய், கொட்டைகள் தனி.

4 பேர் உள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். தானியம் நாளுக்கு 1 கிலோ, வருடத்துக்கு 365 கிலோ. இதை அரிசியாகவே எடுத்துக்கொண்டால், நெல்லை அரைத்து அரிசியாக்கும்போது மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எனவே சுமார் 560 கிலோ நெல் வேண்டும். ஏக்கருக்கு 2 டன் மகசூல் என்று பார்த்தால் 28 சென்ட் நிலம் தேவை. சென்னைக்காரர்கள் மொழியில் சொன்னால் 5 கிரவுண்டு! அந்த நிலத்தை விற்றால் எத்தனை தலைமுறைக்கு அரிசி வாங்கலாம் என்பது வேறு கணக்கு.

பருப்புக்கு இன்னும் அதிக நிலம் வேண்டும். அதன் மகசூல் நெல்லைவிட மிகக் குறைவு. சமையல் எண்ணெயை எடுத்தால், நாடே தன் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்துகொண்டிருக்கிறது.

ஆக, அரிசி, பருப்பு, எண்ணெய் மூன்றும் மாடிக் கணக்கில் வரவே வராது. மிச்சம் இருப்பது காய்கறி. அதுவே 4 பேருக்கு நாளுக்கு 1.6 கிலோ, வருடத்துக்கு 584 கிலோ.

மாடி எவ்வளவு தரும்?

25 பைகள் வைத்திருக்கிறீர்கள். தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், அவரை எல்லாம் கலந்து ஒரு பைக்கு ஒரு பருவத்தில் சராசரியாக 1.5 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாக ஆரம்பிப்பவருக்கு இதுவே நல்ல விளைச்சல். ஏப்ரல், மே வெயிலையும் நவம்பர் மழையையும் கழித்தால் சென்னை போன்ற ஊரில் உருப்படியாகக் கிடைப்பது 2 பருவங்கள்தான். மொத்தம் 75 கிலோ.

584-ல் 75. எட்டில் ஒரு பங்கு.

இப்போது பணம். பை, தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம், விதை எல்லாம் சேர்த்து ஒரு பைக்கு 150 ரூபாய் என்றால் 25 பைக்கு 3,750 ரூபாய். 75 கிலோ காயைக் கடையில் கிலோ 40 ரூபாய்க்கு வாங்கினால் 3,000 ரூபாய். முதல் வருடம் நஷ்டம்தான். இரண்டாவது வருடத்தில் பை, கலவை செலவு குறையும். அப்போது கொஞ்சம் லாபம் தெரியலாம்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு செலவு விட்டுப்போயிருக்கிறது. ரீல்ஸிலும் அதைக் காட்ட மாட்டார்கள்.

அந்த அரை மணி நேரம் யாருடையது?

25 பைகளுக்குத் தண்ணீர் ஊற்ற, களை எடுக்க, இலைக்கு அடியில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்க, தினமும் அரை மணி நேரமாவது ஆகும். வருடத்துக்கு 180 மணி நேரத்துக்கு மேல். 3,000 ரூபாயை 180-ஆல் வகுத்தால் மணிக்கு 16 ரூபாய் சொச்சம். செலவைக் கழிக்காமலேயே!

‘இதெல்லாம் ஒரு சந்தோஷத்துக்குத்தானே செய்றோம், கூலிக் கணக்கு ஏன் பார்க்கணும்?’ என்பீர்கள். நியாயமான கேள்விதான். அந்தச் சந்தோஷம் யாருக்கு, வேலை யாருக்கு என்றும் சேர்த்துக் கேட்டுவிடுவோம்.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளுக்கு 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். அந்த 289-ன் மேல்தான் இந்த அரை மணி நேரமும் பெரும்பாலும் போய் உட்காரும்.

தாம்பரம் பக்கம் இருக்கும் என் அத்தை வீட்டில் 18 பைகள் இருக்கின்றன. முதல் கத்தரிக்காயைப் போட்டோ எடுத்து ‘நம்ம தோட்டம்’ என்று குரூப்பில் போட்டது மாமா. காலையில் 6 மணிக்கு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறுவது அத்தை. கேட்டால், “பரவால்லடா, எனக்கும் மேல போனா கொஞ்சம் காத்தாட இருக்கு. ஆனா மே மாசம் நாலு நாள் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தேன், பாதி செடி காஞ்சு போச்சு. வீட்ல இருந்த மூணு பேர்ல ஒருத்தருக்குக்கூட தண்ணி ஊத்தணும்னு தோணல” என்றார்.

உணவு என்ற பெயரில் வீட்டில் ஒருவருக்கு மட்டும் இன்னொரு வேலை ஏறினால், அதைக் குடும்பத்தின் தன்னிறைவு என்று எப்படிச் சொல்வது?

விலை ஏறும்போது மாடி காப்பாற்றுமா?

பலரும் சொல்லும் காரணம் இது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போனபோது, தமிழக அரசு பண்ணைப் பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகள் சிலவற்றிலும் 60 ரூபாய்க்கு விற்றது. ‘வீட்ல நாலு செடி இருந்திருந்தா இந்தக் கவலை இருந்திருக்குமா?’ என்று அப்போது பேசாத வீடு குறைவு.

ஆனால் தக்காளி விலை ஏன் ஏறுகிறது? அநேகமாக வெயிலோ மழையோதான் காரணம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுங்கினால் தக்காளிப் பூ பிஞ்சாகாமல் உதிரும். வயலில் நடப்பதேதான் கான்கிரீட் மாடியிலும் நடக்கும். சூடு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். 2021 நவம்பரில் விலை 100-ஐத் தாண்டியது கனமழையால். சென்னைக்குத் தக்காளி அனுப்பும் ஆந்திர, கர்நாடக வயல்களில் பெய்தது போலவே சென்னை மாடிகளிலும் அந்த மாதம் மழை கொட்டித் தீர்த்தது.

கடையில் தக்காளி இல்லாத நாளில் உங்கள் செடியிலும் இல்லாமல் போக வாய்ப்பு அதிகம். இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

பக்கத்து நாட்டு உதாரணம் ஒன்று. 2022-ல் இலங்கை கடும் பொருளாதார நெருக்கடியில் இருந்தபோது, வீட்டுத் தோட்டம் போடுவதற்காக அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் 3 மாதங்களுக்கு விடுமுறை தர அந்நாட்டு அரசு ஒப்புதல் அளித்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஒரே உத்தரவில் ரசாயன உரத்துக்குத் தடை போட்டு நெல் விளைச்சல் சரிந்திருந்தது. வயலில் விழுந்த அடியை வீட்டு முற்றத்தில் சரிசெய்யச் சொன்னால் எப்படி? கத்தரிச் செடி வைக்கலாம். அரிசிப் பற்றாக்குறைக்கு நாடு இறக்குமதியைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

அப்போ எதை வளர்ப்பது?

இவ்வளவு சொன்னதால் மாடித் தோட்டமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. பயிரை மாற்றினால் கணக்கு மாறிவிடுகிறது.

மாடிக்கு ஏற்ற பயிருக்கு 3 தகுதிகள் போதும். எடை குறைவாக இருந்தாலும் விலை அதிகமாக இருக்க வேண்டும். வாங்கிய மறுநாளே வாடக்கூடியதாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அடிக்கடி தேவைப்பட வேண்டும்.

இந்த மூன்றிலும் தேறுவது கீரை, கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய். ஒரு காலத்தில் காய்கறிக்காரம்மா கொசுறாகப் போட்டுத் தந்த கறிவேப்பிலையும் மல்லியும் இன்று டெலிவரி ஆப்பில் தனித்தனிப் பாக்கெட், தனித்தனி விலை. ஒரு கொத்து போதும் என்றாலும் ஒரு கட்டு வாங்கி, பாதி ஃபிரிட்ஜில் அழுகி, குப்பைக்குப் போகிறது.

வாரம் 2 கட்டு கீரை, கட்டு 20 ரூபாய் வீதம் 40 ரூபாய். மல்லி, புதினா, கறிவேப்பிலை, மிளகாய்க்கு வாரம் இன்னொரு 40. மாதத்துக்கு 320, வருடத்துக்கு 3,840 ரூபாய். கோடையில் மல்லி சரியாக வராது, மழையில் கீரை அழுகும் என்பதற்காகப் பாதியைக் கழித்துவிட்டாலும் 1,920 ரூபாய் நிற்கிறது. இதற்கு 10 பைகள் போதும். தினமும் 10 நிமிடம் போதும். மணிக்கு 30 ரூபாய்க்கு மேல், அதாவது முந்தைய கணக்கைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. செலவோ 1,500 ரூபாய்தான்.

வெந்தயக்கீரை 20, 25 நாளில் பறிக்கலாம். சிறுகீரை, முளைக்கீரை ஒரு மாதத்துக்குள் தயார். அகலமான பைகளில் வாரம் ஒன்றாக விதைத்தால் வாரா வாரம் ஏதாவது ஒன்று பறிப்புக்கு வரும். ஒரே நாளில் எல்லாப் பையிலும் விதைத்துவிட்டு, ஒரே வாரத்தில் 6 கட்டு கீரையை என்ன செய்வது என்று முழிக்க வேண்டாம்.

வீட்டைச் சுற்றி மண் தரை இருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, குளிக்கும் தண்ணீர் போகும் இடத்தில் ஒரு வாழை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய ‘பி.கே.எம்.-1’ செடிமுருங்கையை விதை போட்டே வளர்க்கலாம். முதல் வருடத்திலேயே காய்க்கும். காய் இல்லாத நாளில் கீரை இருக்கும்.

மாடி தாங்குமா? தண்ணீர் தாங்குமா?

இதைக் கேட்காமல் ஆரம்பிக்கவே கூடாது. ஆட்கள் நடமாடும் தட்டையான மாடிக்கு, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கூடுதல் எடை என்ற அளவில் வடிவமைக்கச் சொல்கிறது ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரவிதி. சதுர அடிக்கு ஏறக்குறைய 14 கிலோ. ஒரு அடி ஆழத்துக்கு மண்ணைக் கொட்டி அது நனைந்தால், சதுர அடிக்கு 45 கிலோவுக்கு மேல் போகும். அதாவது 3 மடங்கு.

அதனால்தான் தோட்டக்கலைத் துறையின் மாடித் தோட்டத் தொகுப்பில் தென்னைநார்க் கழிவு தருகிறார்கள். மண்ணைவிட எடை குறைவு, ஈரத்தையும் பிடித்துவைக்கும். மாடியில் பாத்தி கட்டி மண் நிரப்புவதைத் தவிருங்கள். பைகளை நடுவில் குவிக்காமல் சுவர் ஓரமாகப் பரப்பி, அடியில் செங்கல் வைத்துத் தூக்கி வையுங்கள். தண்ணீர் தேங்கி ஓதம் இறங்கினால், கீழே குடியிருப்பவருக்கும் உங்களுக்கும் சண்டை நிச்சயம்.

தண்ணீர் விஷயம் இன்னும் முக்கியம். கோடையில் ஒரு பைக்கு 1 முதல் 2 லிட்டர் என்றால் 25 பைக்கு 25 முதல் 50 லிட்டர். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு சென்னை லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தது. அப்படி ஒரு வருடத்தில் அத்தனை தண்ணீரைச் செடிக்கு யார் தருவார்கள்? 10 பை என்றால் அரிசி களைந்த தண்ணீரும் காய் அலசிய தண்ணீரும் தேவையின் பெரும்பகுதியைச் சமாளித்துவிடும்.

வளர்ப்பதைப் போலவே வைத்துக்கொள்வதும்

‘அந்தக் காலத்துல எல்லாமே வீட்லயே விளைஞ்சுது’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையில் அந்த வீடுகளும் சந்தையை நம்பித்தான் இருந்தன. அவர்களிடம் இருந்து நம்மிடம் இல்லாமல் போனது விளைவிக்கும் நிலம் மட்டுமில்லை, சேமித்து வைக்கும் பழக்கமும்தான்.

மாசி, பங்குனியில் புதுப் புளி வந்ததும் ஒரு வருடத்துக்கு வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்தார்கள். வெயில் காலத்தில் சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரங்காய் வற்றலாயின. மிளகாய் மோர்மிளகாயானது. விளைச்சல் வந்து விலை இறங்கும் நேரத்தில் வாங்கி, ஏறும் நேரத்தில் எடுத்துச் சமைத்தார்கள். தக்காளி கிலோ 15 ரூபாய்க்கு விற்கும் வாரத்தில் 5 கிலோ வாங்கித் தொக்கு போட்டு வைத்தால், விலை ஏறும் மாதத்தில் அது 6 தக்காளிச் செடிகளைவிட அதிகமாகக் கைகொடுக்கும்.

ஃபிளாட்டில் இருக்கும் 10 வீடுகள் சேர்ந்து, வாரம் ஒருமுறை உழவர் சந்தைக்கு முறைவைத்துப் போய் மொத்தமாக வாங்கிவரலாம். 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டத்தின் நோக்கமே இடைத்தரகர் இல்லாமல் விவசாயியும் நுகர்வோரும் சந்திப்பதுதான். இதற்கு ஒரு பை மண்கூடத் தேவையில்லை.

மாடியே இல்லாதவர்கள்?

விலை ஏறினால் அதிகம் அடிபடுவது வாடகை வீட்டிலும் ஒற்றை அறையிலும் இருப்பவர்கள். மாடி ஹவுஸ் ஓனருடையது. ‘ஓதம் இறங்கும், தொட்டி எல்லாம் வைக்கக்கூடாது’ என்று சாவி தரும் நாளிலேயே சொல்லிவிடுவார். மானிய விலையில் மாடித் தோட்டத் தொகுப்பு வாங்க முடிந்தாலும் அவர்கள் எங்கே வைப்பார்கள்?

தமிழகத்தில் ஒரு ஏழைக் குடும்பத்தின் உணவுக்கு உண்மையான உத்தரவாதம் ரேஷன் கடை. அரிசி அட்டைதாரர்களுக்கு 2011 ஜூன் முதல் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. 28 சென்ட் நிலம் செய்ய வேண்டிய வேலையின் பெரும்பகுதியை அந்தக் கடை செய்கிறது. காய்கறிக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. விலை உச்சத்துக்குப் போகும்போது மட்டும் அவசரமாக எதையாவது செய்கிறோம்.

எனவே ‘வீட்டுக்கு வீடு தோட்டம் போடுங்கள்’ என்று சொல்வதோடு அரசின் வேலை முடிந்துவிடாது. லே-அவுட்களில் பொதுவுக்கென ஒதுக்கிய திறந்தவெளி நிலங்கள் எத்தனையோ முள்வேலிக்குள் சும்மா கிடக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியை அந்தப் பகுதிக் குடியிருப்போருக்கு, குறிப்பாக வாடகைதாரர்களுக்கு, பாத்திகளாகப் பிரித்துத் தரலாம். உள்ளாட்சிகளின் உரமாக்கும் மையங்களில் தயாராகும் உரத்தை அங்கேயே தரலாம். அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் ஒரு முருங்கையும் ஒரு கீரைப் பாத்தியும் இருந்தால், அது நேராகக் குழந்தைகளின் தட்டுக்கே போகும்.

சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கணும்னா?

முதலில் விதை வாங்காதீர்கள். கடந்த ஒரு மாதத்தில் காய்கறி ஆர்டர் செய்த பில்களை எடுங்கள். எதை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியிருக்கிறீர்கள், எது அழுகிக் குப்பைக்குப் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு பட்டியலிலும் வருவதுதான் உங்கள் முதல் செடி.

5 பைகளோடு ஆரம்பியுங்கள். 2-ல் கீரை, 1-ல் புதினா, 1-ல் மிளகாய், 1-ல் கறிவேப்பிலை. கறிவேப்பிலைக்கு மட்டும் பெரிய தொட்டி. முதல் வருடம் அதிகம் பறிக்காமல் விடுங்கள்.

அடுத்தது, ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, யார் எந்தக் கிழமை தண்ணீர் ஊற்றுவது என்று பெயர் போட்டு எழுதுங்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பெயரும் அதில் இருக்க வேண்டும். வொர்க் ஃப்ரம் ஹோமில் இருப்பவருக்கு இரண்டு நாள் கூடுதலாகக் கொடுக்கலாம், தப்பில்லை.

3 மாதம் கழித்து அந்தத் தாளைப் பாருங்கள். எல்லாக் கிழமையும் அம்மா பெயரே வந்திருந்தால், பை எண்ணிக்கையை ஏற்றாதீர்கள். முறை தவறாமல் ஓடியிருந்தால் 10 பைக்குப் போங்கள். கத்தரியும் வெண்டையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.